பில்லிங்ஸுக்குப் போகும் இதயமும் பூஜ்ய டாலர் திட்டமும்

கேள்வி: வயோமிங்கில், வொர்லாண்டில் இருக்கிறோம். என் கணவருக்கு மார்ச்சில் 65 முடிகிறது. இதய மருத்துவரைப் பார்க்க மொன்டானாவின் பில்லிங்ஸ் வரை போகிறோம். 'மாதம் பூஜ்யம் டாலர், பல், கண் எல்லாம் உண்டு' என்று மெடிகேர் அட்வான்டேஜ் விளம்பரங்கள் குவிகின்றன. சேரலாமா?

பதில்: மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானோருக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடு; அதையே தனியார் நிறுவனம் வழியே தருவது அட்வான்டேஜ். பூஜ்யம் என்பது அந்தத் திட்டத்தின் பிரீமியம் மட்டும். பார்ட் பி (மருத்துவர் கட்டணம் போன்றவற்றுக்கான மெடிகேர் பகுதி) பிரீமியத்தை எப்படியும் கட்ட வேண்டும். 2026இல் பெரும்பாலானோருக்கு மாதம் 202.90 டாலர்.

நீங்கள் பார்க்க வேண்டியது பில்லிங்ஸைத்தான். அட்வான்டேஜ் திட்டங்கள் கவுன்ட்டி (மாவட்டம்) வாரியாக வருபவை; பக்கத்து மாநில மருத்துவமனை அதன் நெட்வொர்க்கில் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியலில்) இருக்கும் என்பது நிச்சயமில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்து "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று கேட்காதீர்கள். 'ஆமாம்' என்றுதான் சொல்வார்கள். திட்டத்தின் முழுப் பெயரையும் எண்ணையும் படித்துக் காட்டி, "இதன் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" என்று பில்லிங் பிரிவில் கேளுங்கள். மருத்துவரின் அலுவலகத்திலும் தனியாகக் கேளுங்கள். மருத்துவர் உள்ளே, மருத்துவமனை வெளியே என்பதும் நடக்கும். மாரடைப்பு என்று ஓடினால் திட்டம் எந்த மருத்துவமனையிலும் செல்லும். சிக்கல் அதற்குப் பிந்தைய பரிசோதனைகளில்தான். எச்.எம்.ஓ. வகைத் திட்டம் நெட்வொர்க்குக்கு வெளியே பொதுவாகப் பணம் தராது. பி.பி.ஓ. வகைத் திட்டம் தரும், உங்கள் பங்கு கூடும். முன் அனுமதிக்காகக் காத்திருப்பதும் உண்டு.

அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரோ, அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், எந்த மாநிலத்திலும் செல்லும். ஆனால் பார்ட் பி செலவில் பொதுவாக 20 சதவீதம் உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. அந்த ஓட்டையை அடைப்பது மெடிகேப் என்ற தனியார் துணைக் காப்பீடு. அதில் 'ஜி' என்ற திட்டம் எடுத்தால், பார்ட் பி-யின் ஆண்டு டிடக்டிபிளான (முதலில் நீங்களே கட்டும் தொகை) 283 டாலர் (2026) கட்டியபின் அந்த 20 சதவீதத்தை அது ஏற்கும். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் ஜியின் அடிப்படைப் பலன்கள் ஒன்றே. விலையை மட்டும் ஒப்பிடுங்கள். மருந்துக்குப் பார்ட் டி என்ற காப்பீடு தனி.

பார்ட் பி தொடங்கிய 6 மாதத்துக்குள் மெடிகேப் கேட்டால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. பிறகு, சில விதிவிலக்குகள் தவிர, மறுக்கலாம். 65இல் முதன்முறை அட்வான்டேஜில் சேர்பவருக்கு 12 மாதத்துக்குள் அசல் மெடிகேருக்குத் திரும்பி மெடிகேப் வாங்கும் உரிமை உண்டு. அதையும் தாண்டினால் இதய நோயாளிக்குக் கதவு ஏறக்குறைய மூடியதுதான். பிரீமியம் கட்ட முடியுமென்றால் ஜிதான் எங்கள் கட்சி. பல் கட்டுவதற்காக இதய மருத்துவரை விடுவது நல்ல பேரமில்லை.

கேள்வி: எங்கள் கவுன்ட்டியில் நாங்கள் இருக்கும் அட்வான்டேஜ் திட்டத்தை டிசம்பரோடு நிறுத்துவதாகக் கடிதம் வந்தது. என்ன செய்ய?

பதில்: கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். பாதுகாப்பு முடிந்த 63 நாள்வரை, ஜி உட்படச் சில மெடிகேப் திட்டங்களை உடல்நிலைக் கேள்வி இல்லாமல் பெற அதுவே சான்று. ஒன்றும் செய்யாவிட்டால் அசல் மெடிகேருக்குத் திரும்பிவிடுவீர்கள், மருந்துப் பாதுகாப்பு இராது. ஆகவே டிசம்பர் 31க்குள் பார்ட் டியில் சேருங்கள். குழப்பமிருந்தால் மாநிலத்தின் 'ஷிப்' (மெடிகேர் ஆலோசனைத் திட்டம்) ஆலோசகரைக் கூப்பிடுங்கள். இலவசம், அவர் எதையும் விற்பதில்லை.