குலைத்த குரலும் மீட்ட குரலும்: கேள்வி பதில்

கேள்வி (பொறியியல் மாணவர்): பேச்சை அந்நியருக்குப் புரியாமல் குலைத்து அனுப்பி, மறுமுனையில் பழையபடி மீட்பது எப்படி, ஐயா?

பதில்: மிகப் பழைய வழி அதிர்வெண்களைத் தலைகீழாக்குவது. தொலைபேசிப் பேச்சு ஏறத்தாழ 300 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கும். அதை 3,300 ஹெர்ட்ஸ் அலையுடன் பெருக்கி, இரண்டின் வேறுபாடாக வரும் பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்தால், 300 ஹெர்ட்ஸ் 3,000 ஆகவும் 3,000 ஹெர்ட்ஸ் 300 ஆகவும் இடம் மாறிவிடும். மறுமுனையில் இதையே இன்னொரு முறை செய்தால் பழைய குரல் திரும்பும்; குலைக்கும் கருவிதான் மீட்கும் கருவியும். கணினியில் நீங்களே செய்து பார்க்கலாம். நொடிக்கு 8,000 மாதிரிகளாக, அதாவது குரல் அலையை அளந்த எண்களாகப் பதிந்த குரலில், ஒன்று விட்டு ஒன்றாக மாதிரிகளின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றுங்கள், போதும். ஆனால் பேச்சின் தாளமும் இடைவெளிகளும் அப்படியே நிற்பதால், பழகிய காது சில சொற்களைப் பிடித்துவிடும்.

கேள்வி (ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்): இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் இதைத்தான் நம்பியிருந்தார்களா?

பதில்: இதைவிடச் சற்றுச் சிக்கலான ஏ-3 என்னும் கருவியை நம்பியிருந்தார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் தொலைபேசிக் கம்பி 1956இல்தான் வந்தது என்பதால், அவர்கள் பேச்சு வானொலி வழியே போயாக வேண்டியிருந்தது. வானொலியை யாரும் கேட்கலாம். ஏ-3 பேச்சை ஐந்து அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, இடம் மாற்றி, சிலவற்றைத் தலைகீழாக்கி, அந்த அமைப்பை 20 நொடிக்கு ஒருமுறை மாற்றியது. கணக்குப்படி 3,840 அமைப்புகள் உண்டு. பயன்பட்டவையோ ஆறே ஆறு. ஜெர்மன் அஞ்சல் துறையின் பொறியாளர்கள் நெதர்லாந்துக் கடற்கரையில் நிலையம் அமைத்து, 1942இலேயே உரையாடல்களை உடனுக்குடன் கேட்டார்கள். ஏ-3இன் பலவீனம் அமைப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை என்பது என் கருத்து. துண்டுகளை எப்படி மாற்றி வைத்தாலும் ஒவ்வொரு துண்டும் குரலாகவே இருக்கிறது. எது எதனோடு பொருந்தும் என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி (கணித ஆசிரியை): அப்படியானால் உடைக்க முடியாத முறை எப்போது வந்தது?

பதில்: 1943 ஜூலையில். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய சிக்சாலி என்னும் கருவி குரலை அனுப்பவே இல்லை. குரலைப் பற்றிய எண்களை மட்டும் அனுப்பியது. பத்து அதிர்வெண் பட்டைகளின் வலிமையும் குரலின் சுருதியும் நொடிக்கு 50 முறை அளக்கப்பட்டு, 0 முதல் 5 வரையிலான எண்களாயின. ஒவ்வொன்றுடனும் திறவு என்னும் ஒரு தற்செயல் எண்ணைக் கூட்டி, ஆறால் வகுத்த மீதியை அனுப்பினார்கள். குரலின் எண் 4, திறவு 5 என்றால் கூட்டுத்தொகை 9, அனுப்புவது 3. பெறுபவர் 3இலிருந்து 5ஐக் கழித்து ஆறைக் கூட்டினால் 4 கிடைத்துவிடும். திறவு தெரியாதவருக்கு அந்த 3, ஆறு எண்களில் எதுவாகவும் இருந்திருக்கலாம்.

கேள்வி (அதே ஆசிரியை): அந்தத் தற்செயல் எண்கள் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்க வேண்டுமே?

பதில்: அங்கேதான் பாதிச் சிரமமும். பாதரச ஆவிக் குழாய்களின் இரைச்சலிலிருந்து எண்களை எடுத்து, இசைத்தட்டில் பதிந்து, இரட்டைப் பிரதிகளாக இரு முனைகளுக்கும் முன்கூட்டியே அனுப்பினார்கள். தட்டு ஏறத்தாழ 12 நிமிடம் ஓடும்; ஒரு முறை பயன்படுத்தியபின் அழிக்கப்படும். இரு தட்டுகளும் ஒரே கணத்தில் தொடங்கி ஒரே வேகத்தில் சுழல வேண்டும். சற்றே பிசகினாலும் மறுமுனையில் வெறும் இரைச்சல்தான். ஒரு முனையின் கருவியே சுமார் 55 டன். லண்டனில் அதை செல்ஃப்ரிட்ஜஸ் கடையின் நிலவறையில் வைத்திருந்தார்கள். பேசுபவரை அடையாளம் காண்பதே கடினம் என்னும் அளவுக்குக் குரல் செயற்கையாக ஒலித்தது.

கேள்வி (கைபேசி பழுதுபார்ப்பவர்): இன்றைய கைபேசியில் இதன் சாயல் இருக்கிறதா?

பதில்: நிறையவே. ஜிஎஸ்எம் என்னும் 2ஜி முறைக் கைபேசியும் பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாக எண்ணாக்கி, அவற்றுடன் திறவு எண்களைக் கலக்கிறது. ஆனால் அந்தக் காப்பு கைபேசிக்கும் கோபுர நிலையத்துக்கும் இடையே மட்டும்தான். அதற்கு அப்பால் வலைப்பின்னலுக்குள் பேச்சு திறந்தபடியே போகிறது.