பெரிய குழாய் வேண்டாம், நல்ல தாங்கி வேண்டும்

கேள்வி: ஆறு அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கியும் (குவியத் தூரம் 750 மி.மீ.) பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் வைத்திருக்கிறேன். தாங்கியைக் கையால்தான் நகர்த்த வேண்டும். ஓரியன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) மங்கலாகப் பதிகிறது. ரோஸெட் நெபுலா பதியவே இல்லை. எட்டு அங்குல டாப்சோனியன் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், வேலூர்.

பதில்: வாங்காதீர்கள். டாப்சோனியன், எளிய பெட்டித் தாங்கியில் கையால் திருப்பும் தொலைநோக்கி; கண்ணால் பார்ப்பதற்கான அருமையான கருவி. ஆனால் வானம் நகரும் திசையில் சாதாரண டாப்சோனியன் தானாகத் திரும்பாது. உங்கள் 750 மி.மீ. குவியத் தூரத்தில், ஒரே விநாடிக்குள் விண்மீன் ஏறத்தாழப் பத்துப் பிக்சல் நகர்ந்துவிடுகிறது. குழாயைப் பெரிதாக்கினால் அந்த நகர்வு நின்றுவிடுமா?

உங்களுக்குத் தேவை மோட்டார் பொருத்திய ஈக்வடோரியல் மவுன்ட் என்ற தாங்கி. அதன் அச்சைத் துருவ விண்மீனை நோக்கி வைத்துவிட்டால், பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துத் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் குழாய், கேமரா இரண்டின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்காவது தாங்கக்கூடியதாகப் பாருங்கள். பிறகு முப்பது விநாடிப் படங்களாக நூற்றிருபது எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு மணி நேர ஒளி சேர்ந்துவிடும். படங்கள் ரா வடிவிலேயே (கேமரா திருத்தாத மூலப் பதிவாகவே) இருக்கட்டும்.

ஓரியனைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் ஏமாறுவது இங்கேதான். அது விதிவிலக்கான நெபுலா. வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசமானது. சிவப்போடு ஆக்சிஜனின் பச்சை ஒளியும் அதில் உண்டு. அதனால் எந்தக் கேமராவிலும், இரண்டு விநாடியிலும், ஏதோ ஒன்று பதிந்துவிடும். 'இது வந்துவிட்டதே, மற்றதும் வரும்' என்று நம்பி இறங்குகிறோம். ரோஸெட் அப்படியல்ல. அதன் ஒளியில் பெரும்பங்கு ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் சிவப்பு. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் இருக்கும் உள்வடிகட்டி அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. ஓரியனிலும் ஒரு சிக்கல் உண்டு: நடுவிலுள்ள நான்கு விண்மீன்களின் சுற்றுப்புறம் நீண்ட படங்களில் வெளுத்துப்போகும். அதற்கென்று ஐந்து விநாடிப் படங்கள் சிலவற்றைத் தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும்.

உள்வடிகட்டியை அகற்றித் தருகிறோம் என்று கிளம்பியிருக்கும் இடைத்தரகர்களிடம் இப்போது போகாதீர்கள். தாங்கி சரியில்லாமல் அதைச் செய்தால் சிவப்பான கோடுகள்தான் கிடைக்கும். சென்சாரில் தூசி படியவிட்டு, தானியங்கிக் குவியத்தையும் கெடுத்துத் திருப்பித் தந்த கேமராக்களை நான் பார்த்திருக்கிறேன். தொலைநோக்கிப் பெட்டியில் '675 மடங்கு' உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருப்பதும் வெறும் ஆசைகாட்டல். நிலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அகலமான ரோஸெட்டுக்கு உருப்பெருக்கம் எதற்கு? சோடியம் விளக்குக் காலத்து நகர ஒளி வடிகட்டிகளையும் இன்னும் விற்கிறார்கள். வெள்ளை எல்.இ.டி. வெளிச்சத்தை அவற்றால் தடுக்க முடியாது.

அந்த எல்.இ.டி. விளக்குகளுக்கு மேல்மூடி போடுங்கள் என்று எங்கள் தெருவுக்காக மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன், பதிலே இல்லை. வானத்தை நோக்கி ஒளியைக் கொட்டி, அதற்கு நம்மிடமே மின்கட்டணம் வாங்குகிறார்கள். உங்களுக்குப் பக்கத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி உள்ள காவலூர் வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. வடிகட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் அமாவாசையை ஒட்டி அந்த மலைக்கு இரண்டு முறை போய் வரலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். வேலூரில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். உங்கள் மொட்டைமாடியிலிருந்து வடக்கே அது தெரிகிறதா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மறைக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள்.