ஸ்பானிஷில் ஈர்ப்புக்கு எந்தச் சொல், சபலத்துக்கு எந்தச் சொல்?

‘அத்ராயெர்’, ‘தென்தார்’ இரண்டில் எதை எப்போது போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மனசு ஒன்றின் பக்கம் போகிறது, அவ்வளவுதான் என்றால் ‘மே அத்ராயே’. கூடாது என்று தெரிந்தும் கை நீளுகிறதே, அந்தச் சபலத்துக்கு ‘மே தியென்தா’. டயட்டில் இருப்பவரிடம் கேக்கை நீட்டிப் பாருங்கள், ‘நோ மே தியென்தெஸ்’ என்பார்: ஆசை காட்டாதே!

ஆட்களைப் பற்றிப் பேசும்போதுதான் வம்பு. ‘மே குஸ்தாஸ்’ நம்ம ‘எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ மாதிரியேதான். அந்த ‘எனக்கு’கூட அப்படியே இருக்கிறது. ஆனால் கேட்பவர் பெரும்பாலும் காதல் என்றே எடுத்துக்கொள்வார். வெறும் நட்பு என்றால் ‘மே காயெஸ் பியென்’. அப்புறம், உற்சாகமாக இருக்கிறேன் என்று சொல்ல நினைத்து ‘எஸ்தோய் எக்ஸிதாதோ’ என்று உளறிவிடாதீர்கள், அதில் காம வாடை அடிக்கும். ‘எமோசியோனாதோ’ போதும், பெண் என்றால் ‘எமோசியோனாதா’.