மருந்துவாழ்மலை எரிமலையா? தென்னைக்கு எரிமலைத்தூள் போடலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் பொற்றையடி பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது. 600 அடி போரில் காலையில் தண்ணீர் சூடாக வருகிறது. மருந்துவாழ்மலை அவிந்துபோன எரிமலை, அதன் சூடுதான் இது என்கிறார் எரிமலைத்தூள் விற்க வந்தவர். அடிமட்டை மஞ்சளாகிறது. வாங்கிப் போடலாமா?

பதில்: வாங்க வேண்டாம். மருந்துவாழ்மலை எரிமலை அல்ல. மலையடிவாரத்துக் கல் ஒன்றைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் எண்ணெய் தடவியதுபோல் பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் மின்னும். அது சார்னோக்கைட், சென்னைப் பல்லாவரத்துக் கல்லும் இதே இனம்தான். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், 15 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து இறுகிய பாறை. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போனதால் இன்று வெளியே தெரிகிறது. எரிமலைக் குழம்பு உறைந்த கல்லைப் பரந்த அளவில் பார்க்க மகாராஷ்டிரப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் அந்தக் குழம்பு ஆறி 6.6 கோடி ஆண்டாகிவிட்டது. அங்குள்ள கொங்கணக் கரையோர வெந்நீர் ஊற்றுகள் சுடுவதுகூட, மழைநீர் வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புவதால்தான்.

உங்கள் போருக்கும் எரிமலை தேவையில்லை. பொதுவாக ஆழம் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். 600 அடிக்கு அது ஏறக்குறைய 5 பாகை. மேல்மண்ணின் சராசரிச் சூடான 27, 28 பாகையோடு அதைக் கூட்டினால், 32, 33 பாகையில் தண்ணீர் வருவது இயல்பு. விடியற்காலைக் குளிரில் கை வைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். அரைமணி நேரம் ஓடவிட்டு வெப்பமானி வைத்துப் பாருங்கள். 40-ஐத் தாண்டினால் முதலில் மோட்டாரைச் சோதியுங்கள்.

இனி மஞ்சள். அடிமட்டை ஓலையில் வெயில் படும் பகுதி மஞ்சளாகி, ஈர்க்கை ஒட்டிப் பச்சை நின்றால் மக்னீசியக் குறை. ஓலை துவண்டு உள்பக்கம் வளைந்தால் வாடல் நோயாக இருக்கலாம்; அதற்கு வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள், உரத்தால் தீராது. மக்னீசியக் குறைதான் என்றால் மரத்துக்கு ஆண்டுக்கு 500 கிராம் மக்னீசியம் சல்பேட், தூரிலிருந்து 6 அடி வட்டத்துக்குள், மண் ஈரமாக இருக்கும்போது தூவிக் கொத்திவிடுங்கள். மண் பரிசோதனையில் கார அமில நிலை 6-க்குக் கீழே வந்தால் மட்டும், மழைக்கு முன் 1 கிலோ டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல்தூள்). அதை யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். பொட்டாஷை அளவுக்கு மீறி அள்ளிப் போடுவதும் மக்னீசியத்தை வேர் எடுக்கவிடாது. இந்தத் தவறைத்தான் தோப்புகளில் அதிகம் பார்க்கிறோம்.

அசல் எரிமலைக் கல்தூளிலும் மக்னீசியம் உண்டு. ஆனால் கரைய ஆண்டுகள் ஆகும். மூட்டையில் இருப்பது கிரஷர் தூளா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஏற்கெனவே மஞ்சளான மட்டை திரும்பப் பச்சையாகாது. அதை வெட்டாமல் விட்டுவிட்டு, புதிதாக வரும் மட்டைகளைக் கவனியுங்கள்.