மருத்துவச்சியின் பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு இது இரண்டாவது பிரசவம், ஆறாவது மாதம் நடக்கிறது. முதல் குழந்தை ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம்தான். ஆனால் பதினொரு மணி நேரம் வயிற்றில் மானிட்டர் பெல்ட்டைக் கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். ஷிப்ட் மாறி மாறி நான்கு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. இந்த முறை மருத்துவச்சியை வைத்து வீட்டிலேயே பெற்றுக்கொள்ள ஆசை. கணவர் "யோசிக்கலாம்" என்கிறார். மாமியார் "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறார். உண்மையிலேயே இதில் நன்மை இருக்கிறதா?

- ஒரு வாசகி

பதில்: இருக்கிறதம்மா. உங்களுக்கு இது இரண்டாவது பிரசவம் என்பதால் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்.

இங்கிலாந்தில் சிக்கல் இல்லாத சுமார் 64,000 பிரசவங்களைக் கவனித்து 2011இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே ஒரு குழந்தை பெற்றவர்கள் வீட்டில் பெற்றுக்கொள்ளத் திட்டமிட்டபோது குழந்தைக்கு ஆபத்து கூடவில்லை; சிசேரியன், ஆயுதம் போட்டு எடுப்பது, கத்தரித்துத் தையல் போடுவது எல்லாம் நன்றாகவே குறைந்திருந்தன. தலைச்சன் பிரசவத்தில் கதை வேறு. குழந்தைக்குப் பெரிய பாதிப்பு ஏற்பட்டது ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5 என்றால், வீட்டில் 9. தலைச்சன்காரர்கள் நூற்றுக்கு 45 பேர் பாதியில் ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டி வந்தது. மற்றவர்களில் 12 பேர்தான். இன்னொன்று, அங்கே வீட்டுக்கு வருபவர் முறையாகப் படித்த மருத்துவச்சி, பின்னால் ஆஸ்பத்திரியும் தயாராக நிற்கும். அது இல்லாத இடத்தில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேச முடியாது.

இருபத்தாறு வருடம் நான் இந்த வேலை பார்த்தவள். பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறும், வலி பின்வாங்கிவிடும். அறிமுகமான முகம், மங்கிய வெளிச்சம், இஷ்டத்துக்கு நடக்க இடம், இவை கிடைத்தால் வலி தன் போக்கில் வளரும். ஒருத்தி துணி மடித்துக்கொண்டே கர்ப்பப்பை வாய் ஏழு சென்டிமீட்டர் திறக்கும் வரை வந்துவிட்டாள். நான் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா உட்கார்ந்திருப்பதும் இந்த வேலையில் பெரும்பகுதி!

சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. கால் மணிக்கொரு தரம், வலி அடங்கியதும் குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு நிமிடம் கேட்க வேண்டும். முக்கும் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம். பெல்ட் இல்லாமல் கையில் பிடிக்கும் டாப்ளர் போதும், நீங்கள் நின்றபடியே இருக்கலாம். குழந்தை பிறந்ததும் உங்கள் நெஞ்சில்தான் கிடக்கும். நன்றாக அழுகிற குழந்தைக்குத் தொப்புள்கொடியை வெட்ட அவசரமே இல்லை.

அப்புறம், மாமியாரின் பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். எல்லாம் ஒழுங்காகப் போன ஒரு பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. அரை லிட்டரைத் தாண்டிவிட்டது. கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து ரத்தத்தை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசியை ஏற்கெனவே போட்டிருந்தேன். ஒரு கையால் கர்ப்பப்பையைத் தேய்த்துக்கொண்டே அடுத்த மருந்தைக் கொடுத்தேன். கார் சாவி கதவருகே ஆணியில் மாட்டியிருந்தது, எந்த ஆஸ்பத்திரி என்பதும் முன்பே பேசி வைத்தது. போய்ச் சேர்ந்தோம், பிழைத்தாள். சாவியைத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு நடுங்கும்.

அதனால் மருத்துவச்சியை நேரில் சந்திக்கும்போது பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆக்ஸிடோசின் குளிர்பெட்டியில் இருக்கிறதா? மூச்சு எடுக்காத குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கும் பையும் மாஸ்க்கும் இருக்கின்றனவா? இரண்டாவதாக ஒரு மருத்துவச்சி கூட வருவாரா? வீட்டுப் பிரசவம் பார்க்க அவருக்கு உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா? முகம் கோணினால் வேறு ஆளைப் பாருங்கள்.

பிபி ஏறியிருந்தாலோ, சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, தலை கீழே திரும்பாதது, முன்பு சிசேரியன், 37 வாரத்துக்கு முன்பே வலி, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலோ வீடு வேண்டாம், ஆஸ்பத்திரிதான். வீடியோ பார்த்துக் கணவரே பிரசவம் பார்ப்பது என்ற பேச்சுக்கே என்னிடம் இடமில்லை.

முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து மருத்துவச்சியிடம் காட்டுங்கள். மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள், அவர் கேட்க நினைப்பதையெல்லாம் கேட்கட்டும். எட்டாம் மாதம் ஹீமோகுளோபின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.