சிபேப் கருவிக்குப் புதியவர் வசதியான மாஸ்க்கை எப்படித் தேர்ந்தெடுப்பது?

தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்களுக்கு மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சிபேப் கருவி வந்து ஒரு வாரம் ஆகிறது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் கொடுத்திருக்கிறார்கள், கண்ணில் காற்று அடிக்கிறது, எவ்வளவு இறுக்கினாலும் நிற்கவில்லை, நள்ளிரவில் கழற்றி வைத்துவிடுகிறேன், வேறு எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் என்னை உறுத்திய சொல் 'இறுக்கினாலும்' என்பதுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் மருத்துவரிடம் போய் நின்றேன். ஆகவே புதிய மாஸ்க்கைப் பற்றிப் பேசுவதற்கு முன், கையில் இருப்பதன் பட்டைகளை இன்றிரவு தளர்த்திப் பாருங்கள்.

மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் சிலிக்கோனை விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அது இரண்டு அடுக்காக இருக்கும். உள்ளே, தாங்குவதற்குச் சற்றுத் தடித்த அடுக்கு. முகத்தில் படும் பக்கம், பலூனின் தோல் போல மெல்லிய மடிப்பு. கருவியின் காற்று அந்த மடிப்புக்குள் புகுந்து உப்ப வைக்கும்போதுதான் அது முகத்தின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப வளைந்து படிகிறது. பட்டையை முடுக்கினால் மடிப்பு நசுங்கிச் சுருக்கம் விழுகிறது. சுருக்கத்தின் வழியே காற்று பீறிடுகிறது. நாம் இன்னும் ஒரு சுற்று இறுக்குகிறோம். என் மூக்குத்தண்டில் பத்தே நாளில் தோல் உரிந்து புண்ணானது இப்படித்தான்.

அதன் பிறகு மூன்று வாரம் கருவியைத் தொடவில்லை. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 41 முறை என்று என் பரிசோதனை அறிக்கை சொன்னது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம் என்ற கணக்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் தொடவில்லை. காலைத் தலைவலியும் பகலில் கண் சொருகுவதும் திரும்பி வந்தன. ஒரு மாஸ்க் பொருந்தாததால் ஒரு சிகிச்சையே நின்றுபோனது என்பதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

திரும்பப் போனபோது உறக்கப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதை உட்கார்ந்துகொண்டு மாட்டினீர்களா, படுத்துக்கொண்டு மாட்டினீர்களா?" என்பது. உட்கார்ந்துதான் மாட்டினேன், கண்ணாடி முன்னால். படுத்தால் கன்னத்துச் சதை பின்னால் சரிகிறது, தாடை இறங்குகிறது, முகத்தின் வடிவமே சற்று மாறிவிடுகிறது. அவர் என்னைப் படுக்க வைத்து, பட்டைகளை முழுக்கத் தளர்த்தி, கருவியை ஓடவிட்டார். மாஸ்க்கை முகத்திலிருந்து நேராக ஓர் அங்குலம் தூக்கி, காற்று நிரம்பியதும் மெதுவாக விடச் சொன்னார். அது தானாகப் படிந்தது. பிறகு கீழ்ப் பட்டைகள் இரண்டையும் ஒரே அளவில், கசிவு நிற்கும் வரை மட்டும் இழுத்தார். மேல்பட்டைகளையும் அப்படியே. ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார். கடைசியில் பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே என் விரல் தாராளமாக நுழைந்தது.

இன்னொரு காரியமும் செய்தார்: அழுத்தத்தை உயர்த்திப் பார்த்தார். இந்தக் கருவிகளின் அழுத்தத்தை நீர்மட்டக் கணக்கில் சென்டிமீட்டரில் சொல்வார்கள். பொதுவாக 4 முதல் 20 வரை போகும். தானாகக் கூட்டிக் குறைக்கும் வகைக் கருவி என்றால், தூங்கப் போகும்போது 6-ல் கச்சிதமாக இருந்த மாஸ்க் விடியற்காலையில் 13-ல் பிய்த்துக்கொள்ளும். நீங்கள் நள்ளிரவில் விழிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். பல கருவிகளின் திரை மெனுவில் மாஸ்க் பொருத்தம் பார்க்கவென்றே ஒரு வசதி உண்டு. சிறிது நேரம் கூடுதல் அழுத்தத்தில் காற்றை விட்டு, கசிகிறதா என்று காட்டும். ஒவ்வொரு இரவும் வேண்டாம், மாஸ்க் புதிதாக இருக்கும் நாட்களில் அதைப் பயன்படுத்துங்கள்.

மாஸ்க்கின் முன்புறத்திலோ குழாய் இணையும் வளைவிலோ இருக்கும் நுண்துளைகளிலிருந்து வரும் காற்றைக் கசிவு என்று எண்ணிவிடாதீர்கள். நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறும் வழி அது. என் முதல் வாரத்தில் சத்தத்தைத் தாங்க முடியாமல் அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டினேன். அது ஆபத்தான வேலை. ஒட்டக்கூடாது, போர்வையாலும் மூடக்கூடாது.

இனி வகைக்கு வருகிறேன். நாசித்துவாரங்களின் வாயில் மட்டும் பதியும் சிறு மொட்டுகள் கொண்டது ஒன்று. மூக்கை மட்டும் மூடுவது ஒன்று. உங்களிடம் இருப்பது போல மூக்கையும் வாயையும் மூடுவது மூன்றாவது. இவற்றுக்கு இடைப்பட்டவையும் உண்டு: மூக்குத்தண்டின் மேல் ஏறாமல் மூக்கின் அடியில் தொட்டில் போல அமர்வது, அப்படி அமர்ந்தபடியே வாயையும் மூடுவது. இதில் எது உங்களுக்கு என்பதை முகத்தைவிட உங்கள் மூக்குதான் முடிவு செய்யும். படுத்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கால் மட்டும் சில நிமிடங்கள் சுவாசித்துப் பாருங்கள். சிரமமில்லை என்றால் மூக்கு மாஸ்க்கையோ மொட்டு வகையையோதான் முதலில் கேளுங்கள் என்பேன்.

'நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குபவன், எனக்கு வாயையும் மூடும் பெரியதுதான் சரி' என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் தொண்டை அடைபட்டு மூச்சுக்குத் தவிப்பதால்தான் பலருக்கு வாய் திறக்கிறது. காற்று தடையின்றிப் போகத் தொடங்கியதும் சில வாரங்களில் வாய் மூடிக்கொள்வது உண்டு, எனக்கு மூடிக்கொண்டது. பெரிய மாஸ்க்குக்குச் சுற்றளவு அதிகம், ஆகவே கசிய இடமும் அதிகம். அதன் பட்டைகள் தாடையைப் பின்னுக்குத் தள்ளினால் நாக்கும் பின்னால் போகும். பல பேருக்கு அதில் அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாயை மூடும் வகையைவிட மூக்கு வழி வகையையே முன்னிறுத்துகிறது.

மூக்கு அடைத்திருந்தால்? முதலில் மூக்கைக் கவனியுங்கள். எனக்கு அடைப்பு வந்ததே கருவியால்தான். வறண்ட காற்று இரவு முழுவதும் அடித்து உள்தோல் வீங்கிக்கொண்டது. கருவியில் இருக்கும் ஈரப்பதமூட்டியின் அளவைக் கூட்டியதும் நான்கைந்து நாளில் மூக்கு திறந்தது. கூட்டினால் குழாயில் நீர் முத்து முத்தாகக் கோத்து முகத்தில் தெறிக்கலாம். சூடாக்கப்பட்ட குழாய் இருந்தால் அது நிற்கும், இல்லாவிட்டால் குழாய்க்குத் துணி உறை போட்டாலும் ஓரளவு குறையும். ஒவ்வாமையோ வளைந்த நடுச்சுவரோ இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். இவ்வளவும் செய்து மூக்கு திறக்காதவர்களுக்குப் பெரிய மாஸ்க் உண்மையிலேயே தேவை. என் அக்கா அதைத்தான் போடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். ஒன்று மட்டும்: ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறினால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அழுத்தத்தை மறுபடி சரிபார்க்க வேண்டிவரலாம். கருவியில் மாஸ்க் வகையைக் குறிக்கும் இடம் இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

அக்காவின் சிக்கல் வேறு. மாஸ்க்கை முகத்தருகே கொண்டுபோனாலே மூச்சு முட்டும் அவருக்கு. பகலில், உட்கார்ந்தபடி, காற்று ஓடும் மாஸ்க்கைப் பட்டை இல்லாமல் கையால் பிடித்துக்கொண்டு சில நிமிடங்கள் இருக்கச் சொன்னார்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற உறுதி கையில் இருந்ததால் அவரால் முடிந்தது. பிறகு பட்டையோடு, செய்தித்தாள் படித்துக்கொண்டு அரை மணி நேரம். பிறகு பகல் தூக்கம். இரவுக்கு வர இரண்டு வாரம் ஆனது. அவருக்கு இன்னொன்றும் தெரியவந்தது: மெதுவாக ஏறட்டும் என்று தொடக்க அழுத்தத்தை 4-ல் வைத்திருந்தார்கள், அதுதான் அவருக்குக் காற்று போதாத உணர்வைத் தந்தது. மருத்துவர் அதை 6 ஆக்கியதும் பாதித் திணறல் போயிற்று. மாஸ்க்கின் மேல் சுமத்தும் பழி சில சமயம் அழுத்த அமைப்பைச் சேர்ந்தது.

படுக்கும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் புரள்பவர் என்றால் குழாய் முன்புறம் தொங்கும் மாஸ்க்கைத் திரும்பும்போதெல்லாம் அது இழுக்கும். உச்சந்தலையில் குழாய் இணையும் வகை எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. படுக்கும் முன் மூக்குக்கண்ணாடி போட்டுப் படிப்பவர்களுக்கு மூக்குத்தண்டை விட்டுவிடும் வகைகள் நல்லது. அடர்ந்த தாடி இருந்தால் பெரிய மாஸ்க்கின் கீழ்விளிம்பு படியாது. எனக்கு மீசை உண்டு. மூக்கு மாஸ்க்கின் அடிவிளிம்பு அதன் மேல் உட்கார்ந்து கசிந்துகொண்டே இருந்தது. மொட்டு வகைக்கு மாறியதற்கு அதுவே முதன்மைக் காரணம். பல் செட் வைப்பவர்கள், இரவில் கழற்றுவார்கள் என்றால் கழற்றிய நிலையிலேயே அளவு பார்க்க வேண்டும், கன்னம் உள்வாங்கிவிடும்.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் மீடியத்துக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. அந்தந்த மாடலுக்கான அளவுத்தாளை மூக்கில் வைத்துப் பார்ப்பது அவசியம். முகத்தில் படியும் சிலிக்கோன் பகுதியை மெத்தை என்பார்கள்; பல அளவு மெத்தைகளையும் ஒரே பெட்டியில் தரும் மாடல்கள் உண்டு, முதல் முறை வாங்குபவருக்கு அவை உகந்தவை. மொட்டு சிறிதாக இருந்தால் துவாரத்துக்குள் ஏறி உரசிப் புண்ணாக்கும். அது வாயிலில் அமர வேண்டும், உள்ளே போகக்கூடாது. உங்கள் கருவியின் நிறுவனமே மாஸ்க்கும் செய்திருக்க வேண்டும் என்பதில்லை. குழாயின் இணைப்பு பொதுவாக 22 மில்லிமீட்டர் என்ற ஒரே அளவு. சில சிறிய பயணக் கருவிகள்தான் விதிவிலக்கு. வாங்கும் முன் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். கடையில் படுத்துப் பார்க்க அனுமதிக்கிறார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பட்டையில் காந்தக் கொக்கி உள்ள மாஸ்க்குகள் மாட்டவும் கழற்றவும் எளிது. ஆனால் இதய முடுக்கி, காது உள்வைப்பு, மூளையில் உலோகக் கிளிப், காந்தத்தால் சரிசெய்யும் மூளைநீர் வடிகுழாய் போன்றவை உள்ளவர்கள் அவற்றை அணியக்கூடாது. அருகில் படுப்பவருக்கு அந்த உள்வைப்புகள் இருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். காந்தமில்லாத மாடல் கேட்டு வாங்குங்கள். வாந்தி வரும் நிலையில் இருப்பவர்களும், தாங்களே மாஸ்க்கைக் கழற்ற முடியாதவர்களும் வாயை மூடும் வகையை மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது.

இவ்வளவு தொல்லையா என்று சோர்வு வரும். எனக்கு வந்தபோது இந்தச் சிகிச்சையின் தொடக்கக் கதையைப் படித்தேன். சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தியது 1980-ல். அடுத்த ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ஆரம்ப கால நோயாளிகள் தங்கள் மூக்குக்கென அச்செடுத்துச் செய்த மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் சிலிக்கோன் பசையால் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள், காலையில் பிய்த்தெடுத்தார்கள். அத்தனைக்கும் உட்பட்டு அவர்கள் தொடர்ந்தார்கள் என்றால் அந்தத் தூக்கம் அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

மாஸ்க் சரியாக இருக்கிறதா என்பதற்குக் காலையில் இரண்டு சாட்சிகள்: உங்கள் வாயும் கருவியின் திரையும். வாய் காய்ந்து கிடந்தால் மூக்கு வழி வந்த காற்று வாய் வழி தப்பியிருக்கிறது. திரையில் கசிவு எண்ணைப் பார்க்கும்போது கவனம் தேவை. ரெஸ்மெட் நிறுவனத்தின் கருவிகள் துளைகள் வழியே போக வேண்டிய காற்றைக் கழித்துவிட்டு மீதிக் கசிவை மட்டும் காட்டும். நிமிடத்துக்கு 24 லிட்டர் என்பது அங்கே எல்லைக்கோடு. மொத்தக் காற்றையும் சேர்த்துக் காட்டும் கருவிகளும் உண்டு. அவற்றின் எண் பெரிதாகத் தெரிவது இயல்பு. நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். மூச்சுத்தடை எண்ணிக்கை மணிக்கு 5-க்குக் கீழே நின்று, நீங்கள் விழிக்காமல் தூங்கினால் சின்னக் கசிவை விட்டுவிடலாம்.

முகத்தின் எண்ணெய்ப் பிசுக்கு சிலிக்கோனை வழுக்க வைத்து நாளடைவில் தளரவும் செய்யும். படுக்கும் முன் முகம் கழுவுங்கள், கிரீம் பூசாதீர்கள். மெத்தைப் பகுதியைத் தினமும் மென்மையான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். நன்றாக இருந்த மாஸ்க் சில மாதங்களில் திடீரென்று கசியத் தொடங்கினால் மெத்தையை மட்டும் மாற்றிப் பாருங்கள், பட்டையை இறுக்க வேண்டாம்.

இன்றிரவு படுத்த நிலையில், காற்று ஓட, பட்டைகளைத் தளர்த்திப் பொருத்துங்கள். மூன்று நாள் பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் தப்புகிறது, எழும்போது வாய் காய்ந்திருக்கிறதா, எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறீர்கள், அழுத்தம் எத்தனை என்ற நான்கையும் இங்கே எழுதுங்கள். அதை வைத்து எந்த வகையைக் கேட்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம். மூக்குத்தண்டில் தோல் ஏற்கெனவே உரிந்திருந்தால் மட்டும் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே மருத்துவரிடம் காட்டி, புண் ஆறும் வரை மூக்குத்தண்டைத் தொடாத மாஸ்க் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.