ஒரே கணினியில் பல மெய்நிகர் சர்வர்கள்: எதைப் பங்கிடலாம், எதைப் பூட்ட வேண்டும்?

கேள்வி: ஒரே கணினியில் ஐந்தாறு மெய்நிகர் சர்வர்கள் ஓட்டுகிறேன். ஒன்று மற்றதன் பங்கைத் தின்றுவிடாமல் எப்படிப் பிரிப்பது? கறாராகப் பிரித்துவிட்டால் சும்மா கிடப்பது வீணாகாதா?

சிபியு, ராம், டிஸ்க் மூன்றுக்கும் மூன்று குணம். ஒரே அளவுகோலால் வெட்டினால் வம்புதான்.

சிபியுவில் தாராளமாக இருக்கலாம். இப்போது ஒருவருக்குக் கொடுத்ததைச் சில மில்லிநொடியில் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியும். அதனால் உச்சவரம்பு போடாமல் எடை போடுங்கள். லினக்ஸில் வளங்களைக் குழுவாரியாகப் பங்கிடும் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் எடை 1 முதல் 10000 வரை; நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 100. ஒரு சர்வருக்கு 200, இன்னொன்றுக்கு 100 என்று வைத்தால், இரண்டும் முட்டிக்கொள்ளும் நேரத்தில் மட்டும் 2:1 ஆகப் பிரியும். ஒன்று தூங்கினால் மற்றது முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வீணாகுமே என்ற உங்கள் கவலை இங்கே தீர்ந்தது. உச்சவரம்பு அப்படியல்ல, சிபியு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாலும் மேலே போக விடாது. சர்வரை வாடகைக்கு விடுபவர்களுக்குத்தான் அது தேவை.

ராமில் இந்தத் தாராளம் கூடாது. கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கடினம். பலூன் டிரைவர் என்று ஒன்று உண்டு: சர்வருக்குள் உட்கார்ந்து நினைவகத்தைப் பிடித்து ஹோஸ்டிடம் (எல்லாச் சர்வர்களையும் ஓட்டும் கணினியிடம்) திருப்பித் தரும். ஆனால் உள்ளே இருக்கும் இயங்குதளம் ஒத்துழைத்தால்தான் உண்டு. லினக்ஸின் கேஎஸ்எம் வசதி இன்னொரு வழி, 2009 இறுதியில் 2.6.32 கெர்னலோடு (லினக்ஸின் மையக்கரு) வந்தது. பல சர்வர்களில் ஒரே மாதிரி இருக்கும் நினைவகப் பக்கங்களை ஒன்றாக்கிவிடும். ஒரே இயங்குதளத்தைப் பத்துப் பிரதி ஓட்டினால் நல்ல மிச்சம். ஆனால் ஒன்றாக்கிய பக்கத்தில் எழுத சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதை அளந்தே பக்கத்துச் சர்வரில் என்ன இருக்கிறது என்று ஊகித்துவிடலாம். எல்லாம் உங்களுடையது என்றால் பரவாயில்லை, அந்நியர்கள் இருந்தால் கேஎஸ்எம்மை நிறுத்திவிடுங்கள்.

இருப்பதைவிட அதிகமாக ராமை வாக்குக் கொடுத்தால் ஒருநாள் ஓஓஎம் கில்லர் வரும், நினைவகம் தீர்ந்தால் ஓடும் நிரலைக் கொல்லும் லினக்ஸின் ஏற்பாடு. அது குற்றவாளியைத் தேடாது, பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பவரைத்தான் கொல்லும். லினக்ஸில் மெய்நிகர் சர்வர்களை ஓட்டும் கேவிஎம்மில், ஹோஸ்டுக்கு ஒரு சர்வர் என்பது ஒரு புராசஸ்தான், அதாவது ஓடும் ஒரு நிரல். யாரோ செய்த தப்புக்கு உங்கள் டேட்டாபேஸ் சர்வர் மொத்தமாகச் சாகும். எனவே ஹோஸ்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கி, மீதியைக் கறாராகப் பிரித்துவிடுங்கள்.

(தனிக் கெர்னல் இல்லாமல் ஹோஸ்டின் கெர்னலிலேயே ஓடும் கன்டெய்னர் என்றால் ஒரு எச்சரிக்கை. உள்ளே போய், ராம் அளவைக் காட்டும் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் வழக்கமாக ஹோஸ்டின் முழு ராமும் தெரியும். பழைய ஜாவா அதை நம்பி, அதில் கால் பங்கை ஹீப் (தன் தரவை வைக்கும் நினைவகம்) என்று எடுத்துக்கொண்டு வரம்பில் மோதிச் செத்துக்கொண்டிருந்தது. ஜாவா 10இல்தான் சரியானது.)

எல்லோரும் மறப்பது டிஸ்க். நானும் மறந்தேன். ஒரு ஹோஸ்டில் ஏழு சர்வர்கள், சுழலும் டிஸ்க். தினமும் இரவு சரியாக 2 மணிக்கு ஒரு சர்வரின் டேட்டாபேஸ் உறைந்துபோகும். சிபியு காலி, ராம் ஏராளம். ஒரு வாரம் டேட்டாபேஸைத் திட்டினோம். ஏழையும் ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து குளோன் செய்திருந்ததால், ஏழின் பேக்கப்பும் ஒரே நிமிடத்தில் கிளம்பியதுதான் காரணம். டிஸ்க் முள் ஏழு இடத்துக்கும் அலைந்தால் என்ன வேகம் வரும்? பேக்கப்பைக் குறித்த நேரத்தில் கிளப்பும் கிரான் நேரங்களை அரை மணி இடைவெளியில் தள்ளி வைத்து, பேக்கப்புக்கு மட்டும் ஐஓ (டிஸ்கில் எழுதுதல், படித்தல்) உச்சவரம்பு போட்டதும் நின்றது.

இப்போது அந்த ஒரு வாரம் ஆகாது. 4.20 கெர்னலிலிருந்து பிரஷர் கோப்புகள் இருக்கின்றன. சிபியு, ராம், ஐஓ ஒவ்வொன்றுக்காகவும் வேலைகள் எத்தனை சதவீத நேரம் காத்துக் கிடந்தன என்று 10, 60, 300 நொடி சராசரியாகச் சொல்லும். சிகுரூப் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனியாகவே கிடைக்கும். வரம்புகளில் கை வைக்கும் முன் இரண்டு நாள் அதைப் பாருங்கள்.